கறுப்புக் கூடாரத்தின் ஆண்கள் பக்கம்: பெதூயின் வாழ்க்கையை முதலில் எழுதிவைத்த மேற்கத்தியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபுப் பாலைவனத்து நாடோடிகளைப் பற்றி நாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, 1760க்கும் 1915க்கும் இடையே அங்கே போய்வந்த ஒரு சில ஐரோப்பியரின் குறிப்பேடுகளிலிருந்து வந்தது. அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டுவைக்கிறேன்.

'பெதூயின்' என்பது அவர்களே வைத்துக்கொண்ட பெயரா?

இல்லை. அரபியில் 'பாதியா' என்றால் ஊரும் வயலும் இல்லாத திறந்த மேய்ச்சல் வெளி. அங்கே வாழ்பவர் 'பதவி'. தமிழில் அப்படியே எழுதினால் யாரோ நாற்காலிக்கு அலைவதுபோல் ஆகிவிடும் என்பதால், பிரெஞ்சுக்காரர் வாயில் உருமாறிய 'பெதூயின்' என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். அவர்கள் தங்களை வெறுமனே 'அரபு' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். வீடு கட்டி ஊரில் குடியிருப்பவன் 'ஹதரி'. அவன் வேறு உலகத்து ஆள்.

பாலையில் இருப்பவர்கள் எல்லாரும் சமம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒட்டகம் மேய்த்துக்கொண்டு ஆழமான பாலைக்குள் போகிற அனஸா, ஷம்மர் போன்ற குலங்கள் மேலே. ஆடு வளர்ப்பவர்கள் தண்ணீரை விட்டு அதிக தூரம் போக முடியாது, அதனால் ஒரு படி கீழே. கொல்லர்களும், மான்தோல் உடுத்திக் கழுதையில் போகும் ஸ்லைப் என்ற வேட்டைக்காரர்களும் இன்னும் கீழே. ஸ்லைப்களுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதே சமயம் அவர்களைக் கொள்ளையடிக்கவும் மாட்டார்கள். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் அளவுக்கு யாருக்கும் தெரியாது என்றும், குலப்பெருமை பேசுபவர்கள் பட்டினி கிடக்கும்போது வேட்டைக்கறி தின்று இவர்கள் நன்றாகவே இருந்தார்கள் என்றும் டௌட்டி எழுதியிருக்கிறார்.

யார் அந்த டௌட்டி? யார் யாரெல்லாம் எழுதினார்கள்?

முன்னோடி என்றால் லோரான் தார்வியூ என்ற பிரெஞ்சுக்காரர். 1664இல் கர்மேல் மலைப் பக்கம் ஓர் அமீரின் முகாமில் விருந்தாளியாக இருந்தார். ஆனால் ஆராய்ச்சி என்ற நோக்கத்தோடு போனது 1761இல் டென்மார்க் அரசர் அனுப்பிய ஆறு பேர் குழுதான். மொழியறிஞர், தாவரவியலாளர், மருத்துவர், ஓவியர், பணியாள் என ஐந்து பேரும் யேமனிலும் கடலிலும் பம்பாயிலுமாகச் செத்துப்போனார்கள். நில அளவைக்காரரான கார்ஸ்டன் நீபுர் மட்டும் 1767இல் ஊர் திரும்பினார். உள்ளூர் உடை உடுத்தி உள்ளூர்ச் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்ததால்தான் அவர் பிழைத்தார் என்று சொல்வார்கள்.

அடுத்தவர் யோஹான் லுட்விக் புர்க்ஹார்ட், சுவிட்சர்லாந்துக்காரர். 1812இல் பெட்ராவை வெளியுலகுக்குச் சொன்னவர் என்று ஊருக்கே தெரியும். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை அதுவல்ல, பெதூயின் வழக்கங்களைப் பற்றிய குறிப்புகள்தான். 1817இல் கெய்ரோவில் வயிற்றுக்கடுப்பில் இறந்தபோது அவருக்கு 32 வயது. அந்தக் குறிப்புகள் 1830இல்தான் புத்தகமாயின. பின்லாந்திலிருந்து வந்த வாலின் 1840களில் இரண்டு முறை உள்நாட்டுக்குள் போய், பெதூயின் வாய்ப்பாட்டுகளை எழுதிவைத்தார்.

சார்லஸ் டௌட்டி ஆங்கிலேயர். 1876 நவம்பரில் டமாஸ்கஸிலிருந்து ஹஜ் யாத்திரைக் கூட்டத்தோடு புறப்பட்டு, மதாயின் ஸாலிஹ் என்ற பழைய இடிபாட்டுத் தலத்தின் கல்வெட்டுகளைப் படியெடுத்துவிட்டு, ஃபுகரா குலத்தாரோடு அலைந்து, அடியும் பசியும் பட்டு, 1878 ஆகஸ்டில் ஜித்தாவில் வந்து விழுந்தார். அதே காலத்தில் கவிஞர் பைரனின் பேத்தி லேடி ஆன் பிளண்ட் தன் கணவரோடு யூஃப்ரடீஸ் கரைக்கும், பிறகு அரேபியாவின் நடுப்பகுதியான நஜ்துக்கும் போனார். கடைசியாக அலோய்ஸ் மூசில் என்ற செக் பாதிரியார். 1908-09லும் 1914-15லும் ருவலா குலத் தலைவர் நூரி இப்னு ஷாலானின் கூட்டத்தோடு இருந்து, ஒரு குலத்தைப் பற்றி மட்டும் எழுநூறு பக்கத்துக்குக் குறையாத ஒரு புத்தகத்தை 1928இல் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

மெல்லிய நூல் அளவுக்கு உண்டு. அந்த டேனிஷ் பயணத்துக்கு மிகாயேலிஸ் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1756இல் முதலில் போட்ட திட்டம், டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடி வழியாக ஓர் ஆளை யேமனுக்கு அனுப்புவது. பிறகு திட்டம் பெருத்து எகிப்து வழி ஆகிவிட்டது. இன்னொருவர், 1862-63இல் சிரியா நாட்டு வைத்தியர் வேடத்தில் ரியாத் வரை போன வில்லியம் பால்கிரேவ். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் ஏசு சபையில் இருந்தவர் அவர். இதற்கு மேல் இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

எல்லாருமே முஸ்லிம் வேடத்தில்தான் போனார்களா?

இல்லை, சிலர்தான். புர்க்ஹார்ட் தன்னை ஷேக் இப்ராஹிம் என்று சொல்லிக்கொண்டார். சிரியாவுக்கு வந்த புதிதில் தான் இந்திய முஸ்லிம் வியாபாரி என்று கதைவிட்டிருக்கிறார். யாரோ ஒருவர் "அப்படியானால் இந்துஸ்தானி பேசிக் காட்டு" என்று கேட்க, தன் ஊர் சுவிஸ் ஜெர்மன் கொச்சையை அள்ளிவிட்டார். கேட்டவர்கள் அதன் கரடுமுரடான ஓசையில் திருப்தியாகிப் போய்விட்டார்கள். பிறகு அலெப்போவில் இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து அரபி படித்தார். பின்னாளில் குர்ஆன் வசனத்தில் அவரிடம் சந்தேகம் கேட்கும் அளவுக்குத் தேறினார்.

டௌட்டி நேர் எதிர். பெயரை மட்டும் கலீல் என்று மாற்றிக்கொண்டாரே தவிர, "நான் நஸ்ரானி", அதாவது கிறிஸ்தவன், என்று ஒவ்வொரு கூடாரத்திலும் சொன்னார். அது நேர்மையா, வீம்பா என்று வாசகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீம்பு கலந்த நேர்மை என்பது என் கட்சி. ஆனால் அதனால் ஒரு லாபம் கிடைத்தது. வேடம் போட்டவர் தன் வேடத்துக்கு ஏற்ற பேச்சைத்தான் கேட்க முடியும். டௌட்டியிடம் அவர்கள் மறைக்காமல் திட்டினார்கள், மறைக்காமல் கேள்வி கேட்டார்கள், மறைக்காமல் இரக்கமும் காட்டினார்கள்.

கூடாரம் எப்படி இருக்கும்?

'பைத் ஷஅர்', அதாவது மயிர்வீடு. கறுப்பு வெள்ளாட்டு மயிரைத் திரித்து, தரையில் கிடத்திய தறியில் பெண்கள் நீளப் பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாகத் தைப்பார்கள். காய்ந்திருக்கும்போது இழைகளின் இடைவெளியில் காற்று போகும். மழையில் நனைந்தால் மயிர் உப்பி இடைவெளி அடைபடும். புர்க்ஹார்ட் பார்த்த சாதாரணக் கூடாரத்துக்கு ஒன்பது கால்கள், மூன்று மூன்றாக. வசதி ஏற ஏற நடுக்கால்களின் எண்ணிக்கையும் ஏறும். தூரத்திலிருந்தே ஷேக் வீடு எது என்று தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு திரை. ஒரு பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும் காபி அடுப்பும். மறுபக்கம் பெண்கள், குழந்தைகள், மாவு மூட்டை, வெண்ணெய்த் தோல்பை, அதாவது வாழ்க்கை. இந்தத் திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னவர்களில் லேடி ஆனைத் தவிர எல்லாரும் திரைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து எழுதினவர்கள். கூடாரத்தை அடிப்பதும் பிரிப்பதும் ஒட்டகத்தில் ஏற்றுவதும் பெண்கள் வேலை என்று எல்லாரும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, யார் யாரை ஏவுகிறார்கள், எதற்குச் சண்டை வருகிறது என்று எழுத ஆளில்லை.

காபிக்கு ஏன் அவ்வளவு பக்கங்கள் ஒதுக்குகிறார்கள்?

விருந்தாளி உட்காரும் இடத்தில் நடக்கும் ஒரே வேலை அதுதான் என்பதால்! பச்சைக் கொட்டையை நீளக் கைப்பிடி இரும்புக் கரண்டியில் வறுத்து, உரலில் இடிப்பார்கள். இடிக்கும் ஓசைக்குத் தாளம் உண்டு. அது கேட்டால் அக்கம்பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் அழைப்பு இல்லாமலே வந்துவிடுவார்கள். ஏலக்காய் சேர்த்த கசப்புக் காபி, பிடியில்லாச் சின்னக் கோப்பையில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றப்படும். கோப்பை நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தர வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

யார் யாரைக் கொன்றார்கள், எங்கே மழை பெய்தது, எந்தக் கிணறு வற்றியது என்ற செய்தியெல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான் பரிமாறப்பட்டது. பயணிகள் எழுதியதில் பாதி அங்கே காதில் விழுந்ததுதான்.

'மூன்று நாள் விருந்தோம்பல்' உண்மையா?

உண்மை. முதல் மூன்று நாள் வந்தவனிடம் எதற்கு வந்தாய் என்று கேட்பது மரியாதை இல்லை. அவன் புறப்பட்ட பிறகும், தின்ற சோறும் உப்பும் வயிற்றில் இருக்கிறது என்று கருதப்படும் காலம்வரை அவனுக்கு ஆபத்து வந்தால் விருந்து கொடுத்தவன் பொறுப்பு.

இதை ஈகைக்குணம் என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். காவல் நிலையமோ சத்திரமோ இல்லாத நிலத்தில் இன்று சோறு போடுபவன் நாளை வேறொரு கூடாரத்து வாசலில் நிற்க வேண்டியவன்.

சரணாகதி அடைந்தால் எதிரியையும் காப்பாற்றுவார்களாமே?

ஆமாம். அப்படிச் சரணடைந்தவனுக்குத் 'தகீல்' என்று பெயர். புர்க்ஹார்ட் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவில் ஒட்டகம் திருட மூன்று பேர் போகிறார்கள். ஒருவன் நாய்களைச் சீண்டித் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவான். ஒருவன் ஒட்டகங்களின் கட்டை அறுப்பான். மூன்றாமவன் தடியோடு கூடார வாசலில் நிற்பான், எழுந்து வருபவன் தலையில் போட. மாட்டிக்கொண்டால்?

சட்டம் இப்படி: பிடிபட்டவன், பிடித்தவனைத் தவிர முகாமில் வேறு யாரையாவது தொட்டுவிட்டால் போதும். தொட முடியாவிட்டால் மேலே எச்சில் துப்பினாலும், கல்லெறிந்து பட்டாலும், "நான் உன் தகீல்" என்று சொன்ன அந்தக் கணமே அவன் விடுதலை. தொடப்பட்டவன் அவனைக் காப்பாற்றியே ஆக வேண்டும். பிடித்தவனுக்கோ மீட்புப் பணமாக ஒட்டகங்கள் வேண்டும். ஆகவே அவன் கைதியை அடித்து, "இன்றைக்கு நான் யாரிடமும் தகீல் கேட்க மாட்டேன்" என்று சொல்ல வைப்பான். ஆனால் அந்த வாக்கு அன்றைக்கு மட்டும்தான் செல்லும். மறுநாள் மறுபடி அடி.

பிறகு கூடாரத்துக்குள்ளேயே ஆள் நீளத்துக்கு ஒரு குழி. கைதியைக் கைகால் கட்டி அதில் கிடத்தி, தலைமயிரை முளைக்குச்சியில் பிணைத்து, மேலே கூடாரக்கால்களைக் குறுக்கே போட்டுத் தானிய மூட்டைகளை அடுக்குவார்கள். மூச்சுவிட ஓர் ஓட்டை மட்டும்.

இனிதான் கதை. கைதியின் தாயோ அக்காவோ பிச்சைக்காரி வேடத்தில் அந்த முகாமுக்கு வருவாள். எந்தக் கூடாரம் என்று பகலில் பார்த்து வைத்துக்கொண்டு, இரவு நூல் உருண்டையோடு ஊர்ந்துபோய், நூலின் ஒரு நுனியைக் கைதியின் வாயிலோ காலிலோ வைப்பாள். உருண்டையை அவிழ்த்துக்கொண்டே பக்கத்துக் கூடாரத்துக்குப் போய், தூங்குகிறவனை எழுப்பி மறு நுனியை அவன் மேல் வைத்து, "இது உன் தகீல்" என்பாள். அவன் விவரம் புரிந்து எழுந்து, இருட்டில் நூலைக் கையால் சுருட்டிக்கொண்டே நடப்பான். நூல் அவனைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு பிடித்தவனை எழுப்பி, நூலைக் காட்டி, இவன் என் பாதுகாப்பில் இருக்கிறான் என்பான். கட்டுகள் அவிழும். அதுவரை அடிபட்டவனுக்கு அதே கூடாரத்தில் விருந்தாளி மரியாதையோடு சோறு போடப்படும்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒன்று உறுத்தும். இந்தக் கதையை நகர்த்துவது ஒரு பெண். புர்க்ஹார்ட் புத்தகத்திலும் அவளுக்குப் பெயரில்லை.

அப்படியானால் கொள்ளை அவர்களுக்குக் குற்றமே இல்லையா?

இரவுத் திருட்டு வேறு, 'கஸூ' வேறு. கஸூ என்பது குலத்துக்குக் குலம் நடக்கும் ஒட்டகப் படையெடுப்பு. தொல்காப்பியர் வெட்சி என்று பெயரிட்ட ஆநிரை கவர்தலை நினைத்துக்கொள்ளுங்கள், மாட்டுக்குப் பதில் ஒட்டகம். கொல்வது நோக்கமில்லை, கொன்றால் பழி வளரும். பெண்கள் மேல் கை வைப்பது இழிவு. படையை நடத்துபவன் ஷேக் அல்ல, 'அகீத்' என்ற தனித் தலைவன். ஷேக்குக்கே உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, பேசி இணங்க வைக்கத்தான் முடியும் என்பதைப் புர்க்ஹார்ட் வியப்போடு பதிந்திருக்கிறார்.

ருவலாக்களிடம் 'மர்கப்' என்றொரு சின்னம் இருந்தது: தீக்கோழி இறகு சூட்டிய ஒட்டகப் பல்லக்கு. பெரும்போர் என்றால் தலைவன் வீட்டுப் பெண் ஒருத்தி அதில் ஏறி முன்னால் போவாள். அது எதிரி கையில் போனால் குலத்தின் மானமே போச்சு.

இதெல்லாம் வீரக்கதையாகப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலையின் விளிம்பில் பயிர் செய்துகொண்டிருந்த விவசாயியைக் கேட்க வேண்டும். அவன் ஆண்டுதோறும் 'குவ்வா' கட்டினான். சொல்லுக்கு அர்த்தம் சகோதரத்துவம், நடைமுறையில் மாமூல். ஹஜ் கூட்டம் பாதுகாப்பாகக் கடந்துபோக ஒட்டோமான் அரசே வழிநெடுகக் குலங்களுக்குப் பணப்பை கொடுத்தது. அதில் தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1757 சாட்சி. அந்த ஆண்டு பனூ ஸக்ர் குலத்தார் தலைமையில் திரும்பிவந்த யாத்திரைக் கூட்டம் தாக்கப்பட்டு, வெட்டுப்பட்டும் பசியிலும் தாகத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

கொலைக்கு என்ன தண்டனை?

சிறை கிடையாது, தூக்கு கிடையாது. கொன்றவனின் ஐந்து தலைமுறை உறவுக்குள் வரும் ஆண்கள் எல்லாரும் பொறுப்பு. 'கம்ஸா', ஐந்து, என்றே அதற்குப் பெயர். பழிக்குப் பழி, அல்லது ஒட்டகமாக ரத்தப்பணம். கொன்றவன் குடும்பத்தோடு தூரத்துக் குலத்தில் தஞ்சம் புகுந்துவிடுவான், பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் நடக்கும்.

சாட்சி இல்லாத வழக்குக்குக் கடைசி வழி 'பிஷா': பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியை நாக்கால் நக்க வேண்டும். புண்ணாகவில்லை என்றால் நிரபராதி. பயந்து வாய் உலர்ந்தவன் நாக்கு சுடும், எச்சில் ஊறியவன் தப்புவான் என்று இன்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். விளக்கம் எதுவானாலும் சோதனைக்கு நான் வரமாட்டேன்.

என்ன சாப்பிட்டார்கள்? தினமும் முழு ஆட்டுக் கறிச்சோறா?

அது விருந்தாளி வந்த அன்று மட்டும். விருந்தாளியாகப் போனவர்கள் எழுதினதால் தினமும் விருந்து என்று நமக்குத் தோன்றுகிறது. டௌட்டி மாதக்கணக்கில் கூடவே கிடந்தவர். அவர் புத்தகம் முழுக்கப் பசி. ஒட்டகப் பால், மோர், பேரீச்சம்பழம், சாம்பலில் சுட்ட ரொட்டி, வெண்ணெய் விட்ட மாவுக்களி. பால் வற்றும் கோடையில் அதுவும் குறையும். வெட்டுக்கிளி வந்தால் வறுத்துத் தின்பார்கள். நல்ல மழை பெய்த வருடம் மண்ணுக்கடியில் ஒரு வகைக் காளான் திரளும். குழந்தைகள் பெரியவர்கள் எல்லாரும் வெளியே போய்த் தோண்டுவார்கள், அந்தச் சில வாரம் கொண்டாட்டம்தான்.

மழைக்குப் பிந்தைய பசுமைக் காலத்தில் ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் பச்சைச் செடியிலேயே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் அதன் பாலைக் குடித்துக்கொள்வார்கள். அதனால்தான் கிணறே இல்லாத இடத்துக்கும் போக முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் 'சுஹைல்' நட்சத்திரம் (நாம் அகத்தியர் நட்சத்திரம் என்போம்) கண்ணில் பட்டால் வெயில் முறிகிறது என்று கணக்கு. அதிலிருந்து அடுத்த இடப்பெயர்ச்சியைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

பெண்களின் நிலை? கல்யாணம்?

தந்தையின் உடன்பிறந்தான் மகனுக்குத்தான் பெண் மேல் முதல் உரிமை. அவன் விட்டுக்கொடுத்தால்தான் வேறு இடம். மணமுறிவு ஒரே வாக்கியத்தில் முடியும். 45 வயதுக்காரர் ஐம்பதுக்கும் மேற்பட்ட மனைவியரை மணந்து விலக்கியதைத் தாம் அறிவதாகப் புர்க்ஹார்ட் எழுதியிருக்கிறார். எல்லாரும் அப்படி என்று அவர் சொல்லவில்லை. மேற்கோள் காட்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். பெண்ணுக்கும் ஒரு வழி இருந்தது. பிடிக்காவிட்டால் தந்தை கூடாரத்துக்குப் போய்விடலாம், கணவன் பலவந்தமாக இழுத்துவர முடியாது. ஆனால் அவன் விலக்குச் சொல்லாதவரை மறுமணம் இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம் போக முடிந்த லேடி ஆன் பிளண்ட் நமக்கு நிறைய சொல்லியிருக்கலாம். அவர் மனம் குதிரைகளிடம் இருந்தது. அவரும் கணவரும் 1878இல் இங்கிலாந்தில் தொடங்கிய கிராபெட் பண்ணையின் ரத்தம் இன்றும் உலகெங்கும் அரபுக் குதிரைகளில் ஓடுகிறது. பெண்கள் பக்கத்தில் நடந்தது அந்த அளவுக்கு நமக்கு வந்து சேரவில்லை.

மதப்பற்று அதிகமா?

வோல்னே என்ற பிரெஞ்சுப் பயணி 1780களில் கேட்ட பதில் புகழ்பெற்றது. தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீர் இல்லை, தர்மம் கொடுக்கப் பணம் இல்லை, வருடம் முழுக்கப் பட்டினி கிடக்கையில் ரமலான் நோன்பு எதற்கு, இறைவன் எங்கும் இருக்கையில் மக்கா எதற்கு என்று அவர்கள் சொன்னார்களாம். மார்க்கத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொன்ன வஹாபி இயக்கம் பரவிய பிறகு நிலைமை மாறியது. புர்க்ஹார்ட் எழுதியது அந்த மாற்றத்தின் நடுவே.

'ஆபிரகாம் காலத்திலிருந்து மாறாத வாழ்க்கை' என்று எல்லாரும் எழுதுகிறார்களே, சரியா?

தவறு. அவர்களில் பலர் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு பாலையைப் பார்த்தவர்கள். மிகாயேலிஸ் நீபுர் குழுவுக்காக எழுதிய நூறு கேள்விகளே பெரும்பாலும் பைபிள் சொற்களையும் செடிகொடிகளையும் விளங்கிக்கொள்ளத்தான்.

அந்தக் காபி அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காபி குடிக்கும் பழக்கம் யேமனில் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் பரவத் தொடங்கியது. அடுப்பைச் சுற்றிக் குடித்த புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்தது. தோளில் தொங்கிய துப்பாக்கியும் புதுசு. ஏன், புர்க்ஹார்ட் சிரியப் பாலையின் ஆதிகுடிகள்போல் வர்ணித்த அனஸாக்களே நஜ்திலிருந்து வடக்கே வந்து பல தலைமுறை ஆகியிருக்கவில்லை.

மறுகோடியில் பால்கிரேவ். அவருக்கு நகரத்து அரபிகளைப் பிடிக்கும், பெதூயின்களைக் கண்டால் ஆகாது. நாகரிகம் கெட்டுப்போன கூட்டம் என்றே எழுதினார். டௌட்டியின் பெதூயின் பசித்தவன், பிளண்ட் தம்பதியின் பெதூயின் சுதந்திரமான கனவான், பால்கிரேவின் பெதூயின் போக்கிரி. மூவரும் போய்வந்தது பதினேழு ஆண்டு இடைவெளிக்குள்!

அந்த வாழ்க்கை எப்போது முடிந்தது?

ஒரே நாளில் அல்ல. 1908இல் டமாஸ்கஸிலிருந்து போட்ட ஹிஜாஸ் ரயில் மதீனாவை அடைந்ததும் யாத்திரிகருக்கு ஒட்டகம் விட்ட வருமானமும் அரசின் பணப்பையும் ஆட்டம் கண்டன. 1910களிலிருந்து, பின்னாளில் சவூதி அரேபியாவின் அரசரான இப்னு ஸவூத் குலங்களை ஊர்களில் குடியமர்த்தினார். லாரியும் இயந்திரத் துப்பாக்கியும் வந்த பிறகு கஸூ சாத்தியமில்லை; புதிய நாட்டு எல்லைகள் மேய்ச்சல் பாதைகளைக் குறுக்கே வெட்டின. எண்ணெய் வந்தது மிச்சத்தை முடித்தது. குலமும் குலப்பெருமையும் இன்றும் இருக்கின்றன. ஒட்டகத்தைப் பார்க்க லாரியில் போகிறார்கள்.

இவர்களில் யாரை முதலில் படிக்கலாம்?

புர்க்ஹார்ட். வரிக்கு வரி தகவல், வர்ணனை குறைவு, டௌட்டியைவிடச் சிறிய புத்தகம். டௌட்டியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே பழைய ஆங்கிலத்தில் முறுக்கி எழுதியிருப்பார். 1888இல் வந்த அந்த இரண்டு தடித்த தொகுதிகளில் முதல் ஐம்பது பக்கம் தாண்டுவது கிணறு தோண்டுவதுபோல. தண்ணீர் வந்தபிறகு விட மனம் வராது. மூசிலைத் தொடர்ந்து படிக்க முடியாது, அகராதிபோல் எடுத்துப் புரட்டலாம். பாட்டுகள் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும்: ஒற்றை நரம்பு ரபாபாவில் பாடியதைக் கேட்டு அரபி மூலத்தோடு பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார், கூடவே அதில் வரும் ஒவ்வொரு ஒட்டகத்தின் வயதுக்கும் நிறத்துக்கும் தனித்தனிப் பெயரோடு.